ஏவலும் வினாவும்: தலைமைக்கு ஒரு வழித்துணை



நிறுவனத் தலைவர்களுக்குத் தனிப்பட்ட பயிற்றுநர் ஒருவர் தேவைதானா என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு மன்றத்தார் கேட்டுக்கொண்டனர். வணிகத் துறையினர் பேசவேண்டிய தலைப்பாயிற்றே, மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மேலாளர் ஒருவரின் ஒரு நாள் அலுவலைக் கூர்ந்து கவனித்துப் பாருங்கள். அவர் கொழுந்து கிள்ளுவதில்லை, எந்திரம் ஓட்டுவதில்லை, மூட்டை சுமப்பதில்லை. ஆணையிடுகிறார், விசாரிக்கிறார், கடிந்துகொள்கிறார், சமாதானம் கூறுகிறார், கையொப்பமிடுகிறார். கையொப்பம் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் மொழிச் செயல்கள். தலைமைப் பயிற்சியில் பெரும்பகுதி மொழிப் பயிற்சியே என்னும் துணிவில்தான் இத்தலைப்பை ஏற்றுக்கொண்டேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். நெடுங்காலம் ஏவிப் பழகிய நாவுக்கு வினவும் ஆற்றல் குறைந்துபோகிறது. வினவத் தெரியாத தலைவருக்குத் தம் நிறுவனத்தில் நடப்பது தெரியாமற் போகிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் நிலையில் அவருக்குக் கீழுள்ளோர் இல்லை. மேலுள்ளோருக்கு அது கண்ணில் படுவதில்லை. ஆகவே அவரிடம் அஞ்சவேண்டிய தேவையில்லாத வெளியாள் ஒருவர் வேண்டும். இதை மேலைநாட்டு மேலாண்மை நூல்களைக் கொண்டு மட்டும் நிறுவ நான் முனையவில்லை. நாம் கூடியிருக்கும் இந்த மலையின் தோட்டச் சொற்களே போதிய சான்று தருகின்றன.

முதலில் 'கோச்' என்னும் சொல்லைப் பார்ப்போம். அங்கேரி நாட்டில் கோச் என்றொரு சிற்றூர் உண்டு. குலுங்காமல் செல்லும் குதிரை வண்டிகளைச் செய்வதில் அவ்வூர் பெயர் பெற்றிருந்தது. ஊரின் பெயரே வண்டிக்கு ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. நம் முன்னோரும் அதனைக் 'கோச்சு வண்டி' என்றே வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்சுபோர்டு மாணவர்கள், தேர்வுக்குத் தயார்செய்யும் தனியாசிரியரை வேடிக்கையாக இப்பெயரால் அழைத்தனர். மாணவனைச் சுமந்து தேர்வின் அக்கரையில் இறக்கிவிடுபவர் என்பது கருத்து. பின்னர் அச்சொல் விளையாட்டுத் திடலுக்குச் சென்றது. அங்கிருந்து நிறுவனங்களின் மேல்மாடிக்கு ஏறியது. கோச்சு வண்டியும் கோச்சிங் வகுப்பும் ஒரே வேரின என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த உருவகம் பொருள் பொதிந்தது. எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வண்டியில் ஏறியவர், வண்டியன்று.

இதற்குத் தமிழில் 'பயிற்றுநர்', 'பயிற்சியாளர்' என்னும் சொற்களை ஆள்கிறோம். விளையாட்டுக்கு இவை பொருந்தும். தலைமைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 'பயில்' தன்வினை, 'பயிற்று' பிறவினை. 'திருந்து' தன்வினை, 'திருத்து' பிறவினை. 'உணர்', 'உணர்த்து' என்பனவும் அவ்வாறே. பிறவினையில் செயலின் உரிமை வெளியாளுக்குப் போய்விடுகிறது. தலைவருக்குத் துணையாக வருபவர் அவரைத் திருத்துபவர் அல்லர். அவர் தாமே திருந்துவதற்கு இடம் அமைப்பவர். 'வழிகாட்டி' என்றால் வழி அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனவே 'வழித்துணை' என்னும் பழஞ்சொல்லை இவ்வுரையில் ஆள்கிறேன். தனிவழி போவோர் ஓர் ஆளை வழித்துணையாக அழைத்துச் செல்வது நம் வழக்கம். போகும் ஊர் போகிறவருடையது, உடன்வருபவர் கண்ணும் காதுமாக இருப்பார். திருக்குறளின் பொருட்பாலில் 45ஆம் அதிகாரமாகப் பெரியாரைத் துணைக்கோடல் அமைந்திருப்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அங்கும் 'துணை' என்றே பெயர் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி இந்த மலைக்கு வருவோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம். சுற்றிலும் சரிவே இருக்கும் இடத்தில் கிடைத்த சிறு சமநிலத்துக்கு இட்ட பெயர்.

இங்குத் தேயிலையை நிறுவன அளவில் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஜே. ஏ. ரசல். நிலக்கரி முதலிய தொழில்களில் பட்டறிவு மிக்கவர். தேயிலை அவருக்குப் புதிது. 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, இலங்கைத் தேயிலையில் பழுத்த அனுபவம் உடைய ஏ. பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் துணைக்கொண்ட செயல் அது; பணக்காரர் எல்லாருக்கும் வாய்க்கும் பண்பன்று. 1933இல் பாரத் நிறுவனம் தொடங்கியது. மில்னுடன் தேயிலை பற்றிய அறிவு இலங்கையிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தை நடத்தும் முறையையும் அந்த நடத்தும் முறைக்குரிய தமிழையும் அறிய வேண்டுமானால் இலங்கையைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் தலைமைக்குப் பயிற்சி அளிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர், அனுபவமுள்ள துரை ஒருவரிடம் பயிலுநராகச் சேர்வார். அவரைக் 'கிரீப்பர்' என்றனர்; கொடிபோல் ஒருவரைப் பற்றிப் படர்பவர் என்று நாம் பொருள் கொள்ளலாம். இப்பயிற்சிக்கு அவர் பணம் கட்டவும் வேண்டும். மாதக்கணக்கில் துரையின் பின்னால் மலை ஏறி இறங்கிக் கவாத்து, கொழுந்து முறை, செக்ரோல் கணக்கு ஆகியவற்றைக் கற்றுச் சின்னத்துரை ஆவார். பின்னர்ப் பெரியதுரை ஆவார். இவ்விரு தமிழ்ச் சொற்களும் இன்றளவும் இலங்கைத் தோட்ட நிர்வாகத்தின் ஆங்கிலத்தில் வழங்குகின்றன.

அந்த இளைஞர் கற்ற தமிழ் எத்தகையது? ஏ. எம். பெர்கூசன் எழுதிய கையேடு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் வெளிவந்தது. சின்னத்துரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி அது. அதன் தலைப்பு 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு கையேட்டின் பெயர் 'கூலித் தமிழ்'. மு. நித்தியானந்தன் இதே பெயரில் 2014இல் வெளியிட்ட கட்டுரை நூலை மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும். ஒரு மொழிக்குள் நுழையும் வாயிற்படியில் 'இங்கே வா' என்னும் ஒருமை ஏவல் நிற்பதை எண்ணிப் பாருங்கள். 'வாருங்கள்', 'வாங்க' என்னும் வடிவங்கள் தமிழில் இருப்பதை அக்கையேட்டின் தலைப்பைக் கொண்டு ஒருவர் அறிய வழியில்லை. இங்குள்ள தோட்டத்தின் பெயரும் தமிழ்க் காதுக்குப் 'போ' என்றே ஒலிக்கிறது. தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் வாவும் போவுமாக ஒரு நூற்றாண்டு கழிந்தது என்று சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.

மலாயாவிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. 1919இல் உருவான தோட்ட அதிகாரிகளின் தொழிற்கழகம் தமிழ்த் தேர்வுகளையும் நடத்தியது. தம்மிடம் வேலை செய்வோரின் மொழியைத் தலைவர் கற்றாக வேண்டும் என்னும் விதியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இன்றைய நிறுவனங்களில் அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஆணையிடுவதற்காகக் கற்ற மொழியில் செவிமடுக்கும் பகுதி சுருங்கிவிடுகிறது.

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஓர் ஏணி இருந்தது. அதன் படிகளுக்குரிய பெயர்கள் சுவையானவை. இந்திய மொழிச் சொல் ஒன்று மலாயில் 'கெரானி' ஆகி, நம் பேச்சில் 'கிராணி'யாகத் திரும்பி வந்தது. 'மண்டோர்' என்பது ஆணையிடுபவர் என்னும் பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து மலாய் வழியாக வந்தது. 'கங்காணி' நம்முடையது, கண்காணி என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் மாகேசுவரக் கண்காணி என்று வருகிறது. கோயிலின் செல்வமும் அறக்கட்டளையும் முறையாக நடைபெறுகின்றனவா என்று மேற்பார்த்தவர்களைக் குறித்த சொல் அது. அங்குக் கண்காணிப்பின் பார்வை, பொறுப்பும் பொருளும் கையில் வைத்திருந்தோர் மேல் விழுந்தது. தோட்டத்துக்கு வந்தபோது அதே சொல்லின் பார்வை கீழ்நோக்கித் திரும்பியது. கையில் ஏதும் இல்லாதவரைக் கண்காணிக்கும் பெயராயிற்று. பொருள்மாற்றத்துக்கு மொழியியல் வகுப்பில் எத்தனையோ எடுத்துக்காட்டுகள் தருகிறோம். இதைப்போல் வரலாற்றைச் சுமந்த மாற்றம் எனக்கு அதிகம் தெரியாது.

விடியுமுன் பெரட்டு. பேர் படிப்பு. இன்ன மலை, இன்ன நிரை என்று பங்கீடு. ஏணியில் மேலிருந்து கீழ்நோக்கி ஆணை இறங்கும். கீழிருந்து மேல்நோக்கி ஏறியவை எவை? எடைக் கணக்கு ஏறியது. வராதோர் பட்டியல் ஏறியது. சொல் ஏறவில்லை. ஒவ்வொரு படியிலும் இருந்தவர் தமக்கு மேலுள்ளவருக்கு இனிக்கும் பகுதியை மட்டும் மேலே அனுப்பினார். இது தோட்டத்துக்கு மட்டும் உரிய நோயன்று. எந்தப் பெரிய நிறுவனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவருக்குக் கிடைக்கும் செய்தி நான்கு வாய்களில் கழுவப்பட்ட செய்தி.

இதை விளக்க நம் இலக்கணமே நல்ல கருவி தருகிறது. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பகுதி இது. விடையைத் தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. எதிரே தெரிவது பனியா புகையா என்பது ஐயவினா. கடைக்காரரிடம் தேயிலை இருக்கிறதா என்பது கொளல்வினா. மழையில் நிற்பவரிடம் குடை இருக்கிறதா என்று கேட்டுத் தம் குடையை நீட்டுவது கொடைவினா. 'கூடை நிறைந்ததா?' என்று மண்டோர் கேட்பது ஏவல்வினா. வடிவம் வினா, உள்ளே இருப்பது ஆணை.

தலைவர்களின் பேச்சை இந்த ஆறு பெட்டிகளில் இட்டுப் பாருங்கள். தாம் நிறையக் கேள்வி கேட்பதாகப் பல தலைவர்கள் நம்புகிறார்கள். 'அறிக்கை அனுப்பியாயிற்றா?', 'ஏன் இன்னும் முடியவில்லை?', 'இதற்கு யார் பொறுப்பு?' எல்லாம் ஏவல்வினாக்கள். கூட்டங்களில் 'நம் இலக்கு என்ன?' என்று கேட்பது அறிவினா; விடை அவருக்கு முன்னால் திரையிலேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். அறியாவினா மட்டும் அரிதாகவே வரும். அதற்குக் காரணம் எளிது. அறியாவினாவைக் கேட்பவர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். தலைவர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு அந்த ஒப்புதல் கூச்சமளிக்கிறது. பத்து ஆண்டுகள் ஒருவர் அறியாவினா கேட்காமலே காலம் தள்ளினால், அந்த வாக்கிய அமைப்பே அவர் நாவில் வராது.

வினாவோடு விடையையும் பார்க்கவேண்டும். உண்மையில் இங்குத்தான் செய்தி அதிகம். நன்னூல் விடையை எட்டு வகையாக்குகிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள்; ஏனைய ஐந்தும் குறிப்பு விடைகள். 'நாளை மேல்மலைக்கு வருகிறாயா?' என்று மண்டோர் ஓர் அம்மையாரைக் கேட்பதாகக் கொள்வோம். 'வருகிறேன்' என்றால் நேர் விடை. 'வரமாட்டேன்' என்பது மறை விடை. இதைச் சொல்லப் பெரட்டில் யாருக்கும் துணிவு வராது. ஆகவே அவர் 'முழங்கால் வீங்கியிருக்கிறது' என்கிறார். இது உற்றது உரைத்தல். 'ஏறினால் முழங்கால் வீங்கும்' என்றால் உறுவது கூறல். 'கீழ்மலைக்கு வருகிறேன்' என்றால் இனமொழி. 'பக்கத்து வீட்டுக்காரியை அனுப்புங்கள்' என்றால் ஏவல். 'வராமல் இருக்க முடியுமா, ஐயா?' என்றால் வினா எதிர் வினாதல். ஐந்தும் மறுப்பே. ஐந்திலும் 'இல்லை' என்ற சொல் கிடையாது.

நேர் விடையையும் மறை விடையையும் மட்டுமே விடையாகக் கருதும் தலைவர், யாரும் மறுக்கவில்லை என்று முடிவு செய்கிறார். முழங்கால் பற்றிக் கூறியதை மருந்துச்சாலைக்குரிய செய்தியாக ஒதுக்கிவிடுகிறார். தமிழில் மட்டுமன்று, மலாயிலும் சப்பானிய மொழியிலும் உயர்ந்தோர் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லாத பண்பாடு உண்டு. குறிப்பு விடையைக் கேட்கும் காது தானாக வருவதில்லை, பயின்றுதான் பெறவேண்டும்.

அந்தக் காது இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று காட்டுகிறேன். அதற்காக மலையிலிருந்து இறங்கிச் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துக்குச் செல்லவேண்டும். 1941இல் அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கோரிக்கைப் பட்டியலில் கூலி இருந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான ஊதியம் கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் மருத்துவ வசதியும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். தம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தோட்ட அதிகாரிகள் எதிரில் வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும். இறங்காமலே செல்ல விடவேண்டும்.

நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

மிதிவண்டி பற்றிய அந்தக் கோரிக்கையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கூலிக் குறைவு கணக்கேட்டில் தெரியும். மிதிவண்டியிலிருந்து இறங்குபவர் மனத்தில் ஏறுவது எந்த ஏட்டிலும் பதியப்படாது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அதிகாரிகளின் கண்ணெதிரே இறங்கி ஏறியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். 'இறங்கும்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்பது ஓர் அறியாவினா. அதைக் கேட்டவர் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு தெளிவு வேண்டும். ஒவ்வொரு துரைக்கும் ஒரு வழித்துணை இருந்திருந்தால் கிள்ளான் நிகழ்ந்திராது என்று நான் கூறவில்லை. அந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் நிகழ்ந்ததன்று, தெரிந்தே பேணப்பட்டது. அதை மாற்றத் தொழிற்சங்கம் வேண்டியிருந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் மாதம் 10 வெள்ளிச் சேமிப்பை அடித்தளமாகக் கொண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரையே தோட்டத்தின் பங்குதாரர் ஆக்கினார். தலைவரின் காதைத் திறப்பது ஒரு வேலை. காது திறக்காத தலைவரிடமிருந்து உரிமையைப் பெறுவது வேறு வேலை. முதல் வேலையைச் செய்பவர் இரண்டாவதையும் தாமே செய்துவிடுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தத் துறை இன்றைய வடிவை எப்படிப் பெற்றது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1974இல் திமோத்தி கால்வே என்னும் அமெரிக்கர் டென்னிசு ஆட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டக்காரருக்கு அறிவுரைகளை அடுக்க அடுக்க ஆட்டம் கெடுகிறது என்பது அவர் கண்டது. அவருடைய கருத்தைத் தொழில் நிறுவனங்களுக்குக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் விட்மோர். கார்ப் பந்தய வீரராக இருந்தவர். 1992இல் வெளிவந்த அவர் நூலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'பந்தைப் பார்' என்று ஆட்டக்காரரை ஏவினால் அவர் பார்ப்பதாகவே நினைத்துக்கொள்வார். 'பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது?' என்று கேட்டால் அவர் பார்த்தே ஆகவேண்டும். பாராமல் விடை சொல்ல முடியாது. ஏவல் ஒன்றை அறியாவினாவாக மாற்றியதுதான் முழு நுட்பமும். இலக்கு, நடப்பு நிலை, வாய்ப்புகள், உறுதி என நான்கு படிகளில் வினாக்களை அடுக்கும் முறையையும் அவர் பரப்பினார். அதைப் பற்றி நூல்களில் விரிவாகவே இருக்கிறது. நான் நேரம் செலவிடப் போவதில்லை.

2011இல் பாசுடன் நகர அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே எழுதிய கட்டுரை இதைவிட எனக்குப் பயன்பட்டது. இந்திய வழியினர், புகழின் உச்சியில் இருந்தவர். தம் திறன் மேலும் வளராமல் நின்றுவிட்டதை உணர்ந்து, ஓய்வுபெற்றிருந்த தம் பழைய ஆசிரியரான மருத்துவர் ராபர்ட் ஆசுட்டீனை அறுவைக் கூடத்தில் வந்து நின்று பார்க்குமாறு வேண்டினார். வந்தவர் கத்தியைத் தொடவில்லை. ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். முடிந்தபின் சிறு சிறு செய்திகளைச் சொன்னார். விளக்கொளி காயத்தை விட்டு விலகியிருந்தது. முழங்கை அவ்வப்போது மேலே தூக்கியிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாகத் தம்மைச் சுற்றி நின்றவர்கள் சொல்லாத செய்திகள். இவரே நான் முன்னர்க் கூறிய பழைய பொருளில் கண்காணி; பார்வை மேலுள்ளவர் மீது விழுகிறது.

இனி இன்றைய தானா ராத்தா. தோட்டங்களில் நம்மவர் தொகை சுருங்கிவிட்டது. இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே மிகுதி. இருவர் பிடித்துச் செல்லும் எந்திரங்களும் வெட்டுக் கத்தரிகளும் விரல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் காய்கறிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். உணவகம், விடுதி, சரக்குந்து, சுற்றுலா வண்டி என்று தொழில் நடத்துகிறார்கள். சிலர் மேற்பார்வையாளராகவும் மேலாளராகவும் உயர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் வேலை செய்வோரோ நேபாளியும் வங்காளமும் பேசுகிறார்கள்.

இங்குத்தான் எனக்குக் கவலை. பெரட்டில் நின்றவரின் பேரன் இன்று பெரட்டு எடுக்கிறார். அவருக்குத் தெரிந்த தலைமைப் பேச்சு எது? தாத்தாவின் காதில் விழுந்த பேச்சு. புதிதாக வந்த தொழிலாளியிடம் அரைகுறை மலாயில் 'வா', 'போ', 'சீக்கிரம்' என்று நான்கைந்து ஏவல்களால் ஒரு நாளை நடத்திவிடுகிறார். 'இங்கே வா' என்ற அந்தக் கையேடு வேற்று மொழியில் மறுபதிப்பு ஆகிக்கொண்டிருக்கிறது. கேட்டால், இப்படித்தான் வேலை நடக்கும் என்பார்கள். நடக்கிறது, ஆட்கள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் பாராமல் போகிறார்கள். எந்திரம் பழுதாகப் போவதை முதலில் அறிந்தவர் அதைச் சொல்வதில்லை. மருந்து தெளிக்கும்போது யாருக்குத் தலை சுற்றியது என்பது முதலாளிக்குத் தெரிவதில்லை. இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

இத்தகையோருக்கு வழித்துணை கிடைக்குமா? நம் நாட்டில் மனிதவள மேம்பாட்டு நிதி 1993 முதல் இருக்கிறது. உள்நாட்டுப் பணியாளர் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள முதலாளிமார் ஊதியத்தில் 1 விழுக்காட்டை அதற்குச் செலுத்தி, அத்தொகையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். 2021இல் வேளாண் துறையும் இதனுள் வந்தது. 5 முதல் 9 பேர் உள்ளோர் விரும்பினால் சேரலாம். நம் சிறுதொழிலாளர் பலரிடம் உள்நாட்டுப் பணியாளர் 5 பேர்கூட இருப்பதில்லை. அவர்கள் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

அவர்களுக்கு எளிதில் கிடைப்பது தன்முனைப்பு உரை. மண்டபம் நிறைந்த கூட்டம், ஒலிபெருக்கி, கைதட்டல், எழுந்து நின்று உரக்கச் சொல்லும் உறுதிமொழி. நான் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். அந்த உரைகளின் வினைமுற்றுகளை எண்ணிப் பாருங்கள்: எழு, உழை, நம்பு, வெல். எல்லாம் ஏவலே. ஏவலில் மூழ்கிய ஒருவருக்கு இன்னும் ஒரு குடம் ஏவலை ஊற்றுவது மருந்தாகாது. இன்னொரு பக்கம், பெயரட்டை அச்சடித்த எவரும் தலைமைப் பயிற்றுநர் ஆகலாம் என்ற நிலையும் இருக்கிறது. நல்லவரை அறிய நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் எத்தனை அறியாவினாக்களைக் கேட்டார், விடைக்காக எவ்வளவு நேரம் வாய்மூடிக் காத்திருந்தார்? தம் வெற்றிக் கதையைச் சொல்லத் தொடங்கினால் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மொழித் தேர்வும் முக்கியம். பெரு நிறுவனங்களில் இவ்வுரையாடல் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தமிழில் கோபப்பட்டு, தமிழில் வெட்கப்பட்டு, ஆங்கிலத்தில் விடை சொல்லும்போது அனுபவத்துக்கு உறை போட்டாற்போல் ஆகிவிடுகிறது. 'எனக்குச் செய்தித் தொடர்பில் சிறு குறைபாடு உண்டு' என்று ஆங்கிலத்தில் சொல்வது எளிது. 'நான் அவரை எல்லார் முன்னிலையிலும் அவன் இவன் என்று பேசிவிட்டேன்' என்று தமிழில் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும். 'அவர்', 'அவன்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அங்கே அந்தப் புண் மறைந்துவிடுகிறது. ஆகவே நம் தலைவர்களுக்குத் தமிழில் வினவக்கூடிய வழித்துணைகள் வேண்டும். அதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஒரே தொழிலில் போட்டியில்லாத இருவர், ஒரு காய்கறிப் பண்ணைக்காரரும் ஓர் உணவகக்காரரும், மாதம் ஒருமுறை மாறி மாறி ஒருவர் இடத்தில் மற்றவர் அரை நாள் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பேசியது வெளியே போகாது என்னும் உறுதி மட்டும் இரும்பாக இருக்கவேண்டும். இங்கே ஊர் சிறிது. காற்றுக்கும் காது உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இப்பணிக்கு இயல்பாகவே தகுதியுடையோர் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. நம் தொழிலில் நாள் முழுதும் கேட்பவை அறிவினாக்கள். விடை நம் கையில் இருக்கும். மாணவரின் விடை அதனோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தோடு ஒரு முதலாளியின் எதிரில் அமர்ந்தால் அவரையும் தேர்வெழுத வைத்துவிடுவோம். ஆனால் பொறுமையும் செவிமடுக்கும் திறனும் நம்மிடம் உண்டு. வினாவின் வகையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் நன்றாகச் செய்வார்கள். தலைமையாசிரியர்களும் தலைவர்களே என்பதை நினைவிற்கொண்டு, முதலில் நம் ஆசிரியர் அறையிலேயே தொடங்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு பணி தருகிறேன். இந்த வாரம் ஒரு நாள், உங்கள் வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ பொறுப்பில் இருக்கும் ஒருவரின் அனுமதியோடு, அவர் கேட்கும் வினாக்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாலையில் அவற்றை நன்னூலின் ஆறு வகைகளில் பிரியுங்கள். பிரித்த பட்டியலை முதலில் அவரிடமே காட்டுங்கள். வேறு யாரிடமும் காட்டவேண்டா. காட்டியபின் அவர் என்ன விடை சொல்கிறார், அது எட்டு வகையுள் எது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த சொற்பொழிவுக்கு வரும்போது அந்தக் குறிப்பேடுகளை நான் பார்க்க விரும்புகிறேன். யாருடைய வினாக்கள் என்ற பெயர் மட்டும் அவற்றில் இருக்கவேண்டா.